'அனாமலிசா' படத்தில் எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே குரல். பன்முகத்தன்மையே இல்லாத இந்தப் படத்தை ஏன் கொண்டாடுகிறார்கள்?

போன் ஸ்பீக்கரில், சப்டைட்டிலை வாசித்துக்கொண்டே பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். ஹெட்போன் போட்டு இன்னொரு முறை பாருங்கள்.

2015இல் வந்த இந்த ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ஃபிரேம் ஃபிரேமாக எடுக்கும்) படத்தில் மொத்தமே மூன்று குரல்கள். நாயகன் மைக்கேலுக்கு டேவிட் தியூலிஸ், அவனுக்குத் தனி முகமும் குரலுமாகத் தெரியும் லிசாவுக்கு ஜெனிஃபர் ஜேசன் லீ, மீதி அத்தனை பேருக்கும் டாம் நூனன். டாக்ஸிக்காரர், பழைய காதலி, மனைவி, மகன் எல்லாரும் அந்த மீதியில் அடக்கம். பெண்களுக்காக நூனன் குரலைக் குழைப்பதுகூடக் கிடையாது. மைக்கேல் தங்கும் ஹோட்டலின் பெயர் ஃப்ரெகோலி. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் வேஷம் மாற்றி வரும் ஒரே ஆள்தான் என்று நம்பும் மனக்கோளாறுக்கும் அதே பெயர்தான். ஆக, உலகத்தில் பன்முகம் இல்லை என்று படம் சொல்லவில்லை. மைக்கேலுக்கு அது தெரியவில்லை என்கிறது.

பட்ஜெட்டுக்காகச் செய்தது என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. படத்தை எழுதிய சார்லி காஃப்மன் 2005இல் இதை மேடையில் போட்டபோதே இதே மூவர்தான். தமிழ் டப்பிங்கில் பத்துப் பேருக்கு இரண்டு குரலை வைத்து ஒப்பேற்றுகிறார்களே, அதுதான் பட்ஜெட். அதைப் பற்றி இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

முகத்துக்கு வருவோம். 3டி பிரிண்டரில் எடுத்த முகங்கள் அவை. நெற்றிப் பகுதி ஒரு துண்டு, கன்னமும் வாயும் இன்னொரு துண்டு. வாயசைவுக்கு ஏற்பக் கீழ்த்துண்டைக் கழற்றி மாட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக எடுப்பார்கள். கண்ணோரமாக ஓடும் இணைப்புக் கோட்டைப் பிறகு கணினியில் அழித்துவிடுவதுதான் வழக்கம். காஃப்மனும் அவரோடு சேர்ந்து படத்தை இயக்கிய டியூக் ஜான்சனும் அழிக்காமல் விட்டார்கள். அதனால்தான் கண்ணாடி முன்னால் மைக்கேலின் முகம் உதறும்போது கழன்று விழுந்துவிடுமோ என்று நமக்குப் பதறுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் வராந்தாவில் லிசாவின் குரல் கேட்கிறது.

காலைச் சாப்பாட்டுக் காட்சியை விட்டுவிடாதீர்கள். லிசாவின் முள்கரண்டி பல்லில் இடிக்கிறது, வாயில் உணவோடு பேசுகிறாள். மைக்கேலுக்கு எரிச்சல் ஏற ஏற, அவள் குரலுக்கு அடியில் நூனனின் குரல் மெல்ல ஏறி வருகிறது. போன் ஸ்பீக்கரில் இது பிடிபடாது.

காஃப்மன் பக்தன் என்று திட்ட வருபவர்களுக்காக ஒன்று: உங்கள் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'யாரோ ஒருவர்' என்று பொதுவாக ஒரு முகம் தேவைப்பட்டதும் கை நேராக வெள்ளைக்கார ஆணிடம்தானே போயிருக்கிறது? அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாலு பொம்மைக்கு நிறத்தை மாற்றியிருந்தால் சரியாகியிருக்காது. அப்படி ஒரு முகம் தனித்துத் தெரிந்தாலே லிசா வரும் இடம் செத்துவிடும்.

படம் முழுக்கப் பொது முகத்தோடு வரும் லிசாவின் தோழி எமிலியைக் கடைசியில் காரில் பாருங்கள். படத்தை நிறுத்தும் பாஸ் பட்டனில் விரலை வைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று போய்விடும். அங்கே அவளுக்கென்று தனியாக ஒரு முகம் இருக்கிறது. மைக்கேல் அந்தக் காரில் இல்லை.