அப்பா சேர்ந்த பட்டாளமும் இன்றைய அக்னிவீரும்

கேள்வி: வேலூர் பக்கம் கிராமம். அப்பா 17 வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வந்தவர். பிளஸ் டூவில் 78 சதவீதம் எடுத்திருக்கிறேன், பி.சி.ஏ. படிக்க ஆசை. அப்பாவோ அக்னிவீர் தேர்வுக்கு என்று தினமும் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடவைக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, பட்டாளத்தைக் குறைத்து ஒரு வார்த்தைகூடப் பேசிவிடாதீர்கள். உங்களை இதுவரை படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான். அப்பா அடம்பிடிக்கவில்லை, பிள்ளைக்கு நிலையான வேலை கிடைக்குமா என்று பயப்படுகிறார். அந்தப் பயத்துக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

அவர் சேர்ந்த காலத்தில் 15 வருஷம் முடித்த சிப்பாய்க்கு ஆயுள் முழுக்க பென்ஷன். கேன்டீன் கார்டு, மருத்துவ வசதி எல்லாம் அதோடு வந்தன. அக்னிவீர்களைச் சேர்க்கும், 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் பணிக்காலமே 4 வருஷம். அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்களுக்குக் கையில் கிடைப்பது வட்டி சேர்க்காமல் சுமார் 10 லட்ச ரூபாய் சேவா நிதி, அதாவது பணி முடியும்போது தரும் மொத்தத் தொகை. அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்த பணம். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. அப்பாவின் பென்ஷன் ஆர்டரையும் அக்னிவீர் விதிமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரையே படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாதாடுவதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

அடுத்து, டிகிரி முடித்தாலும் ராணுவத்தின் கதவு மூடாது. என்.சி.சி. (தேசிய மாணவர் படை) உள்ள கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள். அதன் 'சி' சான்றிதழும் டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலேயே அதிகாரி பணிக்கான என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டதாரிகள் அதிகாரியாகச் சேர எழுதும் சி.டி.எஸ். தேர்வும் இருக்கிறது. 17 வருஷம் அதிகாரிகளுக்கு சல்யூட் வைத்தவருக்கு, மகன் சென்னை பரங்கிமலையில் அதிகாரிப் பயிற்சிக்குப் போகக்கூடும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் உங்கள் மனசில் அந்த எண்ணம் இல்லையென்றால் ஆசை காட்டாதீர்கள். மூன்று வருஷம் கழித்து அவர் ஏமாந்து நிற்கக் கூடாது.

செலவு பற்றிக் கேட்டால், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் உதவித்தொகை பற்றிச் சொல்லுங்கள். பி.சி.ஏ. போன்ற தொழில்சார் படிப்புகளுக்கு, பிளஸ் டூவில் குறைந்தது 60 சதவீதம் எடுத்தவர்கள் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஆண் பிள்ளைகளுக்கு மாதம் 2,500 ரூபாய். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கேட்க அப்பாவையே கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம். ஓட்டத்தையும் நிறுத்தாதீர்கள். ஓடி முடித்து இருவரும் ஏரிக்கரையில் உட்காரும்போது நீங்களே பேச்சை ஆரம்பியுங்கள்.