காய்ச்சல் வந்தால் பி.எச்.ஐ ஏன் வளவையும் மாட்டையும் விசாரிக்கிறார்?

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்து கிணறு, மாடு, நாய், போய்வந்த இடம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டார், மிருகங்களாலும் பூச்சிகளாலும் வருகிற நோய்களை இப்படித்தான் கண்காணிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், பெரும்பாலும் இப்படித்தான். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பல வருடம் இந்த வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான்.

ஆஸ்பத்திரியில் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்று வைத்தியருக்குச் சந்தேகம் வந்தாலே போதும். இரத்த முடிவுக்குக் காத்திராமல் 544ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பி, நோயாளியின் பகுதிக்குரிய எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது பி.எச்.ஐ கைக்கு வரும். அவர் வீட்டுக்குப் போய் விசாரித்து இன்னொரு படிவம் நிரப்புவார். வாரக் கடைசியில் எல்லாம் ஒன்றாகிக் கொழும்புத் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். இதற்கெல்லாம் அடிப்படையான சட்டம் 1897இல் வந்தது.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் இடத்தைப் பற்றிப் படிவத்தில் இருப்பது விலாசம் மட்டும்தான். அதுவும் எங்கள் ஊரில் 'பிள்ளையார் கோயிலடி' என்றுதான் பாதி விலாசம் இருக்கும். வயலில் நின்று காய்ச்சலை வாங்கிக்கொண்டவர், நல்லூரில் இருக்கிற மகளின் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பார். அங்கே போய் எலியைத் தேடி என்ன பயன்? தொற்றிய இடத்தைத் தேடித்தான் அத்தனை கேள்வியும்.

எலிக்காய்ச்சலில் தொற்றிய நாளுக்கும் காய்ச்சல் தொடங்கும் நாளுக்கும் இடையில் பொதுவாக ஒரு கிழமை, இரண்டு கிழமை ஓடிவிடும். எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரோ சேறோ கால் வெடிப்பிலும் சிராய்ப்பிலும் பட்டால் கிருமி உள்ளே போகும். "தண்ணிக்குள்ள இறங்கினனீங்களோ ஐயா?" என்று கேட்டால் "இல்லைத் தம்பி" என்பார்கள். "வெள்ளத்துக்கு மாட்டை எங்க கொண்டுபோய்க் கட்டினீங்கள்?" என்று கேட்டால்தான், முழங்கால் தண்ணீருக்குள்ளால் இழுத்துப்போய் ரோட்டுக்கரையில் கட்டிய கதை வரும். அவருக்கு அது தண்ணீரில் இறங்கியதாகவே படாது.

2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்து, டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் சிலர் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக அடுத்தடுத்து இறந்தபோது ஊரெல்லாம் 'மர்மக் காய்ச்சல்' என்று பேச்சு. எலிக்காய்ச்சல் என்று உறுதியானதும் வயல், சேற்று வேலை செய்கிறவர்களுக்கு நோய் வராமல் தடுக்க டொக்ஸிசைக்கிளின் குளிசை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வயிறு எரியுது என்று நிறுத்துகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு, அது தனிக்கதை. மழைக்காலத்தில் இங்கே யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் டெங்கு என்றுதான் நினைப்போம். அந்த நினைப்பு மற்றக் காய்ச்சல்களை மறைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

உண்ணிக்காய்ச்சலும் அப்படித்தான், மாரி காலத்தோடு சேர்ந்து வரும். பற்றைக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாய் ஒரு பொருக்கு, சுற்றிவரச் சிவப்பு. வலிக்காது, அரிக்காது, அதனால் ஆளுக்கே தெரியாது. அக்குள், கவட்டு, இடுப்பில் சேலை இறுக்குகிற இடம், மார்புக்குக் கீழ் என்று பார்த்தால்தான் பிடிபடும். எல்லாருக்கும் இந்தப் பொருக்கு வருவதுமில்லை. பெண்களிடம் இதை நாங்கள் கேட்டால் கூச்சப்படுவார்கள், குடும்பநல உத்தியோகத்தர் அக்காமாரை விட்டுத்தான் கேட்போம். ஆட்டுக்குக் குழை வெட்டப் போனது, பற்றை துப்புரவாக்கியது, விறகு பொறுக்கியது ஏதாவது ஒன்று பிறகு வெளியே வரும்.

நுளம்பு விஷயத்தில் நோயாளிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பூச்சியியல் உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போய்க் குடம்பி (நுளம்புப் புழு) தேடுவார்கள். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் குடம்பி என்று கணக்கெடுத்து, அது ஏறினால் நோய் வரமுதலே துப்புரவுப் பணி. பிரிட்ஜின் பின்தட்டையும் மறக்காமல் பார்ப்பார்கள். கிணற்றுத் தண்ணீரை அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினால் சும்மா கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். மலேரியாவைப் பரப்பும் இனத்தின் குடம்பி தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி மட்டமாகக் கிடக்கும். டெங்குக் குடம்பி தலைகீழாகத் தொங்கும், டோர்ச் அடித்தால் நெளிந்து கீழே ஓடும்.

டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்றே எங்களுக்குப் படிப்பித்தார்கள். யாழ். பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் பங்கெடுத்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. கரையோர உவர்நீரிலும் அது வளர்கிறது என்று காட்டினார்கள். கிணற்றைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012க்குப் பிறகு இலங்கையில் மலேரியா உள்ளூரில் நிலைத்துப் பரவவில்லை, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில் 'அனோபிலிஸ் ஸ்டீபன்சி' என்ற, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அகப்பட்டது. பிறகு யாழ்ப்பாணக் கிணறுகளிலும் கண்டார்கள். வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு ஒருவர் வந்து இறங்கினால் அதைப் பரப்ப நுளம்பு இங்கே தயாராக இருக்கிறது. கிணற்றில் மீன்குஞ்சு விடுவது அதற்காகத்தான், பிடித்துச் சட்டிக்குள் போட்டுவிடாதேயுங்கள்.

நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாயை அடித்துக் கொன்று புதைத்துவிட்டால் விசர் இருந்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கட்டிவைத்து இரண்டு கிழமை கவனிக்க வேண்டும். தானாகச் செத்தால் தலையை ஐஸில் வைத்துப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். முடிவு வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இத்தனையிலும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. தனியார் கிளினிக்கில் காட்டி, மூன்று நாள் மருந்தெடுத்துச் சுகமானவரின் பெயர் பல வேளை படிவத்துக்கே வருவதில்லை. மிருக வைத்தியரின் பணிமனையும் எம்.ஓ.எச் பணிமனையும் வேறு வேறு திணைக்களங்கள். ஒரே ஊரில் மாடுகளின் கன்று வயிற்றிலேயே அழிவதும் ஆட்களுக்குக் காய்ச்சல் வருவதும் ஒரே மேசைக்கு வந்து சேரச் சுணங்கும். கிளினிக்கில் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று சொன்னால் நீங்களே எம்.ஓ.எச் பணிமனைக்கு அழைத்துச் சொல்லலாம். சொல்லும்போது விலாசத்தோடு நிற்காமல், முந்தின இரண்டு கிழமை எங்கே போனார், என்ன வேலை செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.