இரண்டாம் உலகப் போரின் வான் பாதுகாப்பு, இன்றைய ஏவுகணைத் தடுப்புக் கொள்கைக்கு என்ன கற்றுத் தருகிறது?

1940-இல் ஜெர்மனியின் வான் தாக்குதலிலிருந்து பிரிட்டனைக் காத்தது ரேடார் மட்டுமன்று. ரேடார் நிலையங்கள் அனுப்பிய தகவல்களைப் போர் விமானப் படைத் தலைமையகமான பென்ட்லி பிரையரியில் சலித்தெடுத்து, தரைக் கண்காணிப்பாளர்களின் தகவல்களோடு சில நிமிடங்களில் போர் விமானத் தளங்களுக்குச் சேர்த்த, அப்படையின் தலைவர் டௌடிங்கின் ஒருங்கிணைப்பே அதைவிடப் பெரிது என்பேன். கட்டளை அறைக் கடிகாரத்தின் ஐந்து நிமிடப் பகுதிகள் சிவப்பு, மஞ்சள், நீலம் என மாறிமாறி வரும். வரைபட மேசையில் வைக்கும் வில்லைகளும் அந்தந்த நேரத்து நிறத்திலேயே இருந்ததால், எந்தத் தகவல் பழையது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். இத்தகைய கட்டளை அமைப்பு இல்லாமல் இடைமறிப்பு ஏவுகணைகளை வாங்கிக் குவிப்பதில் பயனில்லை.

1944 கோடையில் ஜெர்மனியின் வி-1 என்னும் ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் லண்டனைத் தாக்கியபோது, பீரங்கிகள் கடற்கரைக்கு மாற்றப்பட்டன. புதிய ரேடாரும் இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் எறிகுண்டும் சேர்ந்ததும், வீழ்த்தப்பட்டவற்றின் விகிதம் வேகமாக உயர்ந்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், ஒலியை விஞ்சும் வேகத்தில் விழத் தொடங்கிய ஜெர்மனியின் வி-2 ஏவுகணையை வானில் தடுக்க வழியே இருக்கவில்லை. நேச நாட்டுப் படைகளின் முன்னேற்றத்தால் ஏவும் பிரிவுகள் பின்வாங்க நேர்ந்த பிறகே, 1945 மார்ச்சில் அந்தத் தாக்குதல் ஓய்ந்தது. ஆகவே, இடைமறிப்புக்கு ஒதுக்கும் அதே அக்கறையை ஏவுதளங்களை முடக்கும் திறனுக்கும், மக்களுக்கான முன்னெச்சரிக்கைக்கும், பதுங்கிடங்களுக்கும் அரசுகள் அளித்தே ஆக வேண்டும்.