யாருக்கும் சொல்லாத பாரம் – வாசகர் கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தொழிலில் பெரிய நஷ்டம். ஒரு வருடமாக மனம் சரியில்லை. நான் கலங்கினால் வீடே கலங்கிவிடும் என்று வெளியே சிரித்தபடி இருக்கிறேன். இப்போது இரவில் தூக்கம் வருவதில்லை. மனைவி சொன்னது உடனே மறந்துபோகிறது. "நான் பேசுவதை நீங்கள் கேட்பதே இல்லை" என்கிறாள். கதவைச் சத்தமாகச் சாத்தியதற்காக மகனிடம் கத்திவிட்டேன். அடக்கிக்கொள்வதுதான் பலம் என்று நினைத்திருந்தேன். என்ன செய்வது?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டாரைக் காப்பாற்றத்தான் மறைக்கிறீர்கள். அதில் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அது அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எமிலி பட்லர் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, மனதை உலுக்கும் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும், உணர்ச்சி எதையும் வெளியே காட்டாமல் பேசும்படி சொல்லியிருந்தார்கள். எதிரே இருந்தவருக்கு அது தெரியாது. ஆனாலும் அவருடைய இரத்த அழுத்தம் ஏறியது. எதிரில் இருப்பவரோடு ஒட்டவும் முடியவில்லை. அறிமுகமே இல்லாதவருக்கு இப்படியென்றால், கூடவே வாழும் மனைவிக்கு? ஏதோ சரியில்லை என்று அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். என்னவென்றுதான் தெரியாது. தன்மேல்தான் ஏதோ வருத்தம் என்றுகூட அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். நஷ்டத்தைவிட அது அவருக்குப் பெரிய வேதனை.

மறதிக்கு வருகிறேன். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கச் சொன்னால், அந்த நேரத்தில் காதில் விழும் விவரங்கள் சரியாக நினைவில் நிற்பதில்லை என்று ஜேன் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர்கள் 2000இல் காட்டினார்கள். முகத்தைக் காவல் காப்பதிலேயே கவனம் போய்விடுகிறது. உங்கள் மனைவி சொல்வது உண்மையாக இருக்கலாம்.

அதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்று சொல்லவில்லை. கத்தித் தீர்த்தால் கோபம் குறையும் என்பதும் சரியல்ல. கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் அதிகமானது என்கிறது 2002இல் வந்த, பிராட் புஷ்மன் என்ற உளவியலாளரின் ஆய்வு. மகனிடம், "உன்மேல் கோபமில்லை, எனக்கு ஒரு கவலை இருக்கிறது" என்று சொன்னால் போதும். கணக்கெல்லாம் அவனுக்கு வேண்டாம்.

மனைவியிடம் மட்டும் முழுதாகச் சொல்லுங்கள். தொகையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று தொடங்குங்கள். "தீர்வு சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாய் வரவில்லையா, சரி, எழுதிக் கொடுங்கள். அவர் கோபப்படலாம், அழலாம். ஒரு வருடம் மறைத்ததற்கு அவருக்கு அந்த உரிமை உண்டு. அப்போது எழுந்து போய்விடாதீர்கள்.

தூக்கமின்மைக்கு மருத்துவரைப் பாருங்கள், மனநிலையையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால், அன்றே ஒருவரிடம் சொல்லி, அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பேசியபின் எனக்கும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.