ஒரே நிலத்துக்கு இரண்டு உயரம்: எதை நம்புவது?

கேள்வி: என் நான்கு ஏக்கர் நிலத்தில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து ஒரு குட்டை வெட்ட நினைக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் இரண்டு செயற்கைக்கோள் உயரத் தரவுகளை இறக்கிப் பார்த்தேன். ஒரே புள்ளிக்கு எஸ்ஆர்டிஎம் (நாசாவின் ரேடார் தரவு) 48 மீட்டர் காட்டுகிறது, கார்ட்டோசாட் (இஸ்ரோவின் தரவு) மைனஸ் 43 காட்டுகிறது. எது தவறு?

இரண்டுமே தவறில்லை. எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதுதான் வேறு. எஸ்ஆர்டிஎம் ஏறத்தாழ கடல்மட்டத்திலிருந்து, அதாவது ஜியாய்டு என்ற பரப்பிலிருந்து உயரம் சொல்கிறது. கார்ட்டோசாட் தரவுக்கு அடிப்படை எலிப்சாய்டு. அது கணக்குக்காகப் பூமியை வழவழப்பாக்கி வரைந்த உருவம். ஈர்ப்பு விசை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லாததால் இவை இரண்டும் ஒட்டிப் போவதில்லை. இலங்கைக்குத் தெற்கே கடலில் ஜியாய்டு 106 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கிறது. நியூ கினி பக்கம் 80 மீட்டருக்கும் மேலே எழும்புகிறது. உங்கள் எண்களில் இருக்கும் 91 மீட்டர் வித்தியாசம் இதுதான். கோப்போடு வரும் விவரக்குறிப்பில் ஈஜிஎம்96 (இது ஜியாய்டு) என்று இருக்கிறதா, டபிள்யூஜிஎஸ்84 எலிப்சாய்டு என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சரி, குட்டைக்கு வருவோம். நான்கு ஏக்கருக்குள் அந்த 91 மீட்டர் அநேகமாக மாறாது, அதனால் நீரோட்டத்தை அது பாதிக்காது. என் கவலை வேறு. இந்தத் தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர். உங்கள் நிலம் முழுவதற்கும் 18 கட்டம்தான் வரும். எஸ்ஆர்டிஎம்மில் உயரம் முழு மீட்டராகவே பதிவாகியிருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள்: 47, 48, 48, 47, 49 என்று துள்ளும். சமதளத்தில் அது சரிவு இல்லை, பெரும்பாலும் ரேடார் இரைச்சல்தான். அதை நம்பி ஒரு மீட்டர் வித்தியாசத்துக்காகக் குழி தோண்டிவிடாதீர்கள்.

மரமும் ஏமாற்றும். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளக் கம்பத்தின் முனையில் இரண்டாவது ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு 11 நாள் சுற்றி எடுத்த தரவு எஸ்ஆர்டிஎம். அதன் ரேடார் அலை 5.6 சென்டிமீட்டர்தான். அடர்ந்த தோப்பில் இலை, கிளைகளில் பட்டே பெரும்பாலும் திரும்பிவிடும். அதனால் தோப்பு வரைபடத்தில் மேடாகத் தெரியும், தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுவதுபோல் கணக்கு வரும். கார்ட்டோசாட்-1 இரண்டு கேமராக்களால் இரண்டு கோணத்தில் படமெடுத்து உயரம் கணக்கிட்டது. அதற்கும் மர உச்சிதான் தெரியும்.

அப்போ இந்தத் தரவு வீணா? இல்லவே இல்லை. வெளியே எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் உங்கள் பக்கம் வருகிறது என்று அறிய இதைவிட எளிய வழி கிடையாது. அதற்கு கோப்பர்னிகஸ் ஜிஎல்ஓ-30 என்ற ஐரோப்பிய உயரத் தரவை எடுங்கள், இரைச்சல் குறைவு. நிலத்துக்குள் வந்துவிட்டால் கொத்தனார் பிடிக்கும் டியூப் லெவலே போதும், அரை அங்குலம் வரை சொல்லும். அடுத்த கனமழையில் ஒருமுறை நடந்து போய், தண்ணீர் தேங்கும் இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். லெவல் பிடிப்பதை அங்கிருந்து தொடங்கலாம்.