அரிசி மூட்டை இல்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள்

கேள்வி: அக்கா, எங்கள் சபை வாலிபர் சங்கத்திலிருந்து மூன்று வருஷமாக, குடியாத்தம் போகிற வழியில் உள்ள ஒரு காலனிக்குப் போய்வருகிறோம். முக்கால்வாசிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு அரிசியும் புடவையும், பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டு, வருஷத்துக்கு ஒரு மருத்துவ முகாம். போன ஆகஸ்டில் சும்மா எல்லோரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று போனபோது ஒரு பாட்டி, "இன்னாப்பா, அதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துட்ச்சா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. இவ்வளவு செய்தும் உறவு என்று ஒன்று ஏன் வரவில்லை?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: அன்புள்ள தம்பி,

பாட்டி கேட்டதில் தப்பே இல்லை. நீங்கள் போன நாளெல்லாம் கையில் மூட்டை இருந்திருக்கிறது, அதனால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு டிசம்பர் ஞாபகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அது உங்களை உறுத்துகிறது என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை. இதைக் கேட்டுவிட்டு, "செய்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு" என்று அடுத்த வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கொடுத்ததெல்லாம் இருக்கிறது. அவர்கள் உங்களுக்குக் கொடுத்தது ஒன்றுகூட இல்லை. அந்தக் காலனியில் எந்த வீட்டிலாவது ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறீர்களா? கேட்கக் காரணம் இருக்கிறது. இப்படிப் போகிற குழுக்கள் வேனிலேயே தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் கொண்டுபோய், மரத்தடியில் தங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள் என்பது நம் பக்கத்தில் இன்றைக்கும் சாதியோடு ஒட்டிக்கொண்டிருக்கிற விஷயம். ஊர்த்தெரு வேறு, காலனி வேறு என்று பிரித்து வைத்திருக்கிற மண் இது. வாசலில் நிற்கிற அம்மா உங்கள் பாட்டிலைப் பார்த்து என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். அரிசியைக் கொடுக்க வந்தவர்கள் நம் தண்ணீரைத் தொடவில்லை என்பது அவருக்கு வருஷக்கணக்கில் மறக்காது. கிணற்றடியில் இயேசு அந்தச் சமாரியப் பெண்ணிடம் முதலில் கொடுத்தது ஒன்றுமில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்டார். யூதர்கள் சமாரியரோடு புழங்காத காலம், அந்தப் பெண்ணே ஆச்சரியப்பட்டுப் போனாள். மற்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதனால் அடுத்தமுறை வெறுங்கையோடு இரண்டு பேர் மட்டும் போங்கள். பத்துப் பேர் போனால் அது நிகழ்ச்சியாகிவிடும். பீடி சுற்றுகிற பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையிலோ வாசலிலோ உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். நீங்கள் வரிசையில் நிற்கவைத்துப் பேசுகிற ஒரு மணி நேரம் அவர்களுக்குச் சம்பளமில்லாத ஒரு மணி நேரம், உங்கள் முகாம்களிலும் இது நடந்திருக்கும். கை ஓடிக்கொண்டே இருக்கும்போது வாய் தானாகப் பேசும். வேண்டுமானால் சுற்றக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே கற்றுத்தருவார்கள். ஆனால் கழித்துப்போட்ட இலையில் கற்றுக்கொள்ளுங்கள். ஏஜென்ட் இலையையும் தூளையும் எடை போட்டுக் கொடுப்பார், கணக்கில் குறைந்தால் அவர்கள் கைக்காசுதான் போகும்.

அப்புறம், நாள். நம் ஊரில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், பிற்பாடு இதே குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் போய், வழியில் மரத்தடிகளில் காத்திருந்த நோயாளிகளைப் பார்த்தார். மருந்து முக்கியம், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கிழமை இந்த மரத்தடிக்கு வந்துவிடுவார் என்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது பாருங்கள், வருஷத்துக்கு ஒரு பெரிய முகாமில் அது கிடைக்காது. உங்களுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் முடியும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது சனிக்கிழமை என்றால் மழையானாலும் இரண்டாவது சனிக்கிழமை. வர முடியாவிட்டால் முன்னாடியே போன் போட்டுச் சொல்லுங்கள், சொந்தக்காரர் வீட்டுக்குச் சொல்வது மாதிரி.

திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் டாக்டர்கள், ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். கதர் கட்டி, நம் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, அங்கேயே குடியிருந்தார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் அவர்களுக்குப் பெயர். வெள்ளைக்காரர்களை துரை என்று கூப்பிட்ட காலத்தில் ஒருவர் சின்னண்ணன் ஆனார் என்றால், எத்தனை வருஷம் கூடவே இருந்திருக்க வேண்டும்! நீங்கள் ஆசிரமம் தொடங்க வேண்டாம். ஆனால் மூன்று வருஷத்தில் உறவு வரவில்லையே என்று சோர்ந்துபோகவும் வேண்டாம்.

செய்வதற்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, மூட்டையில் கட்ட முடியாதவை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு துணைக்குப் போங்கள். எந்தத் துறை ஊருக்குள் இருக்கிறது, எது ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது, எந்த கவுண்டரில் பணம் கட்டுவது, சலுகைக்கு யாரிடம் பேசுவது என்று புரியாமல் பாதி நாள் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். படித்த நமக்கே அங்கே தலை சுற்றும். முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் மத்திய அரசின் தொழிலாளர் நலத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில் செய்ய வேண்டியது, உங்கள் குழுவில் எத்தனை பேரிடம் லேப்டாப் இருக்கிறது! ஒரு பெண்ணின் பிரசவத்துக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் கூட உட்கார்ந்திருந்தவரை அந்தக் குடும்பம் பெயர் சொல்லித்தான் ஞாபகம் வைத்திருக்கும்.

பழகப் பழகக் கடன் கேட்பார்கள். குழு லோன் தவணை வாராவாரம் கழுத்தைப் பிடிக்கிற வீடுகள் அவை, கேட்பது இயற்கை. தனியாள் யாரும் கொடுக்க வேண்டாம். கொடுத்தவர் வட்டிக்காரர் மாதிரி ஆகிவிடுவார், வாங்கியவர் கண்ணில் படாமல் ஒதுங்குவார், உறவு அங்கேயே முடிந்துவிடும். முடியாது என்பதை அன்போடு, பொய்க்காரணம் சொல்லாமல் சொல்லுங்கள். அவசரத்துக்கு சபையில் ஒரு சின்ன நிதி வைத்து, திரும்பக் கேட்காமல் கொடுப்பது நல்லது.

ஜெபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கேட்டவர்கள் வீட்டில் மனதார ஜெபம் பண்ணுங்கள். உங்கள் விசுவாசத்தை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அரிசி டோக்கனுக்கு முன்னால் ஒரு கூட்டம் வைத்து உட்காரச் சொல்லாதீர்கள். கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குக் கூழ் ஊற்றுகிற வீடும், உங்கள் சபைக்கு வருகிற வீடும் ஒன்றுபோல உங்களிடம் உதவி கேட்க முடிய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

இன்னொன்று, உங்களில் பாதிப் பேர் வேலை கிடைத்து பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுவீர்கள். போகிறவர் சொல்லிக்கொண்டு போகட்டும், தன் இடத்துக்கு வருகிறவரை வீடு வீடாக அழைத்துப்போய் அறிமுகம் செய்துவிட்டுப் போகட்டும்.

இந்த டிசம்பருக்கு அரிசியை நிறுத்தாதீர்கள், எதிர்பார்த்திருப்பார்கள். அக்டோபரிலேயே அங்குள்ள பெண்களைக் கூட்டி, இவ்வளவு பணம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். யார் வீட்டுக்கு எது தேவை என்ற பட்டியலை அவர்களே எழுதட்டும், முடிந்தால் அன்றைக்குச் சமையலும் அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். சபையில் சிலர் முணுமுணுப்பார்கள். ஆயரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா