வீட்டுத் தோட்டத்துக்கு மின்சார ஷ்ரெடர்: வாட் எண்ணைப் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: தெஹிவளையில் பதினான்கு பேர்ச் காணியில் எங்கள் வீடு இருக்கிறது. மூன்று தென்னை, ஒரு மா, ஒரு பலா, மதிலோரம் செம்பரத்தை வேலி. வெட்டிய கிளைகளைக் குப்பை வண்டிக்காரர் ஏற்ற மறுக்கிறார். எரித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு வருகிறது. அதனால் ஒரு கார்டன் ஷ்ரெடர் வாங்கி, கழிவைத் தூளாக்கிக் கூட்டெரு செய்ய எண்ணுகிறேன். புறக்கோட்டைக் கடையொன்றில் இரண்டு இயந்திரங்களைக் காட்டினார்கள். ஒன்று சுழலும் வெட்டுத்தகடு கொண்ட 2400 வாட் இயந்திரம். மற்றது பல்லுருளை கொண்ட 2500 வாட் இயந்திரம், விலை கணிசமாகக் கூட. வாட் கூடியதை எடுத்தால் எல்லாவற்றையும் அரைக்கும் என்கிறார் விற்பனையாளர். எதை வாங்குவது?

பதில்: விற்பனையாளர் சொன்ன காரணத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். 2400க்கும் 2500க்கும் உள்ள வித்தியாசம் வேலையில் தெரியாது. அத்துடன், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் விபரத் தகட்டை உற்றுப் பார்த்தால், பல இயந்திரங்களில் வாட் எண்ணின் பக்கத்தில் ‘எஸ்6 40%’ அல்லது ‘பி40’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் மட்டுமே அந்த முழுச் சுமையை மோட்டார் தாங்கும், மிச்ச ஆறு நிமிடமும் சுமையில்லாமல் சுழல வேண்டும் என்பது அதன் பொருள். ‘எஸ்1’ என்று இருந்தால் அது தொடர்ந்து ஓடக்கூடிய வலு. ஆகவே ‘எஸ்1’ குறித்த 2000 வாட் இயந்திரம், பெரிய எண்ணைப் பெட்டியில் அச்சிட்டு வரும் ‘பி40’ இயந்திரத்துக்குச் சளைத்ததல்ல.

உங்கள் தோட்டத்தில் ஒரு மாதத்தில் விழுவதும் வெட்டுவதும் என்ன என்பதை வைத்தே இதைத் தீர்மானிக்க வேண்டும். இந்த வீட்டு ஷ்ரெடர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுத் தோட்டங்களில் கத்தரிக்கும் வேலிக் கிளைகளையும் பழமரக் கிளைகளையும் மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. நம்மவர் தோட்டத்தில் எடையால் கூடியது தென்னை மட்டை. நல்ல நிலையிலுள்ள தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டைக்குக் குறையாமல் கழிக்கும் என்பதால், உங்கள் மூன்று மரங்களிலிருந்து மட்டும் முப்பத்தாறு மட்டையாவது வரும். அதன் அடிப்பகுதி, 40 அல்லது 45 மில்லிமீற்றர் என்று குறித்திருக்கும் இயந்திர வாயில் நுழையவே நுழையாது. பிளந்து நுழைத்தாலும் நார் பிரிந்து உருளையிலோ தகட்டின் அச்சிலோ சுற்றிக்கொள்ளும். பன்னாடையும் பாளையும் வாழைத் தண்டும் அப்படித்தான். தென்னை மட்டைக்காக வாங்குவதானால் இரண்டில் எதுவும் வேண்டாம். ஓலையைக் கழித்து ஈர்க்கை எடுத்துக்கொண்டு, மட்டையை மூன்று துண்டாகத் தறித்துத் தென்னையின் அடியைச் சுற்றிப் பரப்பிவிடுங்கள். தோட்டக்காரர் காலங்காலமாகச் செய்வது அதுதான். ஈரமும் காக்கும், உக்கி உரமுமாகும்.

மீதமிருப்பது மா, பலா, செம்பரத்தைக் கிளைகள். அவற்றுக்குப் பல்லுருளை இயந்திரமே பொருத்தம் என்பது என் கருத்து. தகட்டு வகையில் கத்தி நிமிடத்துக்குச் சில ஆயிரம் தடவை சுழன்று கிளையைச் சீவுகிறது. தூள் சிறிதாக வரும், விலையும் குறைவு. ஆனால் கிளையைக் கையால் தள்ளிக்கொண்டே நிற்க வேண்டும், கிளை துள்ளிக் கையில் அடிக்கும், சத்தமும் பெரும்பாலும் 100 டெசிபலைத் தாண்டும். உருளை வகையில் பற்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ நாற்பது தடவையே சுற்றும். கிளையைத் தானே உள்ளிழுத்து எதிரேயுள்ள தகட்டோடு நசுக்கி நறுக்கும். அதன் சத்தம் 90 டெசிபல் அளவில் நிற்கும். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறையப் பாதியாகவே கேட்கும். மதிலுக்கு மதில் ஒட்டிய தெஹிவளை ஒழுங்கைகளில், அதுவும் பக்கத்து வீட்டில் சுகமில்லாத பிள்ளை இருக்கையில், இதைச் சிறிய விடயமாக நான் எண்ணவில்லை. நசுங்கிய துண்டு பட்டை கிழிந்து நார் நாராக வருவதால் கூட்டெருவில் விரைவாக உக்கவும் செய்யும்.

உருளை வகைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஈர இலைகளையும் மெல்லிய தளிர்களையும் அது நறுக்காமல் வாயில் அப்பிவிடும். இலையை அரைக்க வேண்டிய தேவையே இல்லை என்பதால் அதை நேரே கூட்டெருக் குழியில் போடலாம். மற்றது, நாளாக ஆக எதிர்த்தகடு தேய்ந்து, துண்டுகள் அறுபடாமல் பட்டையால் தொடுத்த சங்கிலிபோல் தொங்கிக்கொண்டு வெளிவரும். அப்போது பலர் இயந்திரம் பழுதென்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் அதைச் சிறிது சிறிதாக இறுக்கி, கீழே மெல்லிய அலுமினியத் துகள் உதிரத் தொடங்கியதும் நிறுத்தினால் இடைவெளி மீண்டும் சரியாகிவிடும். கையேட்டில் அதற்கான பக்கத்தைக் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள்.

45 மில்லிமீற்றர் என்ற அளவையும் அப்படியே நம்ப வேண்டாம். அது அன்று வெட்டிய, நேரான, மென்மையான கிளைக்குரிய அளவு. காய்ந்த மாங்கிளையில் 30 மில்லிமீற்றருக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. தடித்தவற்றை விறகாக வைத்துவிடுங்கள். வெட்டிய ஓரிரு நாளில் அரைத்துவிட்டால் மோட்டாருக்கும் சிரமமில்லை. பலாவின் பால் பற்களில் ஒட்டிக் கறுத்து இறுகிவிடும். பிளக்கைக் கழற்றியபின் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் அன்றன்றே துடைத்தால் போகும்.

பணம் கொடுக்கும் முன் கடையில் இயந்திரத்தை ஓடவிட்டு, சுவரிலுள்ள ஆளியை நிறுத்தி மறுபடி போடச் சொல்லிப் பாருங்கள். இயந்திரம் தானாகத் தொடங்கவே கூடாது. மின்வெட்டு நேரத்தில் வாயில் சிக்கிய கிளையை எடுக்கக் கை நீட்டுபவர், மின்சாரம் திரும்பும் நொடியில் கையை இழக்கலாம். அந்தப் பாதுகாப்பு இல்லாத இயந்திரத்தை என்ன விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். அதோடு, கத்தி, எதிர்த்தகடு போன்ற உதிரிப்பாகங்கள் இப்போதே கையிருப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ‘எடுப்பித்துத் தரலாம்’ என்ற பதிலை இல்லை என்றே கொள்ள வேண்டும்.

2500 வாட் இயந்திரம் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 11 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் உருண்டைப் பிளக்கில் அடப்டர் போட்டு ஓட்டினால் வயர் உருகும். 13 அம்பியர் பிளக்கில் நேரே கொடுங்கள்; முற்றத்துக்கு நீட்டுவதானால் 25 மீற்றர் வரை 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும், அதற்கு மேல் 2.5உம் வேண்டும். சுருளில் வரும் வயரை முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். சுருட்டியபடி ஓட்டினால் உள்ளே சூடேறிக் காப்புறை இளகும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். மழையில் ஓட்டக் கூடாது. சாரம், துப்பட்டா, தொங்கும் கைச்சட்டை எதுவும் வேண்டாம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து வீடுகளோடு மக்களையும் மூடியதைக் கண்ட நகரம் இது. தன் வளவுக் கழிவைத் தன் மண்ணுக்கே கொடுக்க நினைக்கும் உங்களைப் போன்றவர் கூட வேண்டும். ஆனால் மாதம் ஒரு மணித்தியாலம் ஓடும் இயந்திரத்துக்கு ஒருவரே முழுப் பணத்தையும் போட வேண்டியதில்லை. ஒழுங்கையில் மூன்று வீட்டார் சேர்ந்து ஒன்றை வாங்கினாலும் போதும்.

கேள்வி: டொரன்டோவில் இருக்கும் என் தம்பி தான் பாவித்த ஷ்ரெடரைக் கப்பலில் வரும் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன் என்கிறான். வாங்கிக்கொள்ளலாமா? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். நேரே கொடுத்தால் மோட்டார் எரியும். இடையில் வைக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர் இவ்வளவு வலுவுக்குத் தூக்கவே முடியாத பாரமாக இருக்கும், விலையும் புதிய சிறிய இயந்திரம் ஒன்றை நெருங்கும். அது வோல்ற்றை மாற்றுமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. லண்டனிலோ ஜேர்மனியிலோ உறவினர் இருந்தால் அங்குள்ள இயந்திரம் இங்கே ஓடும். லண்டன் பிளக் நமது 13 அம்பியர் பிளக்கேதான், ஜேர்மன் பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். அப்போதும் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: வாங்கி இரண்டாவது வாரத்தில் என் ஷ்ரெடரின் மோட்டார் புகைந்துவிட்டது. ‘நீங்கள் கண்டதையெல்லாம் போட்டிருப்பீர்கள்’ என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன செய்யலாம்? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: இயந்திரத்தை நீங்களோ தெரிந்த மின்வினைஞரோ கழற்றிப் பார்க்காதீர்கள், திறந்த இயந்திரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதே அவர்களின் அடுத்த பதிலாக இருக்கும். விபரத் தகடு, புகைந்த இடம், வாயில் கடைசியாக இருந்த கிளை ஆகியவற்றைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை ஆகியவற்றின் பிரதிகளோடு கடைக்கு எழுத்தில் முறையிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். அதற்கும் இணங்காவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் செல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, முறைப்பாடு விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் போய்ச் சேர வேண்டும். பழுதான நாளிலிருந்து எண்ணத் தொடங்கிப் பலர் காலத்தைத் தவறவிடுகிறார்கள். ‘அடுத்த மாதம் கம்பனியிலிருந்து ஆள் வருவார்’ என்ற கடைக்காரரின் தவணைகளும் அந்த மூன்று மாதத்தையே தின்னும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழிமுறை கேட்கலாம், ஆனால் அழைத்ததோடு நிறுத்தாமல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் சீட்டைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.